கேட்டுப் பாருங்கள்

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் எச்.ஆர். மேலாளர் எனக்குப் போன் செய்தார். "மேடம், எங்க ஸ்டாஃப் நிறைய பேரு கால்வலி, இடுப்புவலின்னு உங்க கிளினிக்குக்குத்தான் வர்றாங்க. அவங்களுக்காக ஒண்ணு யோசிச்சிருக்கோம். வாரத்துக்கு ஒரு பாட்காஸ்ட் எபிசோடு ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்புல போடப்போறோம். உடம்பு, மனவுறுதி, வேலைத்திறன் மூணும் வர்ற மாதிரி ஒரு பத்து எபிசோடு நீங்களே பார்த்து எடுத்துக் குடுங்க. எதையும் தாக்குப்பிடிக்கிற மனசு வரணும், அதான் முக்கியம்."

அவர் கேட்டதில் கள்ளம் எதுவும் இல்லை. ஊழியர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற மனிதர். பத்து எபிசோட் எடுத்துக் கொடுப்பது எனக்குச் சிரமமும் இல்லை. இருபது வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். காலை நடையின்போது காதில் இப்படி ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். அன்று இரவே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று எழுதினேன். நான்காவதை எழுதப் போகும்போது, அன்று மாலை கிளினிக்குக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் கால் கண்முன் வந்து நின்றது. நோட்டை மூடிவிட்டேன்.

அதே கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் வேலை பார்ப்பவர். வயது நாற்பதைத் தொடப்போகிறது. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருவார்; பண்டிகைக் காலத்தில் பத்தரை ஆகும். காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குவதுபோல வலி. பத்து அடி நடந்தால் குறையும், சாயங்காலம் திரும்ப வரும். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி உடனே மூடவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கடையில கொஞ்ச நேரம் உட்கார முடியாதாம்மா?"

"ஸ்டூல் இல்ல மேடம். கஸ்டமர் இல்லாதப்போ சேலை மடிக்கிற சாக்குல தரையில உட்காருவோம். கேமராவுல தெரிஞ்சா சூப்பர்வைசர் வந்துருவாரு."

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். பாத்ரூம் நான்காவது மாடியில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதனால் வீட்டில் குடிக்கிற காபியோடு நிறுத்திக்கொள்கிறார். மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர். கிளம்பும்போது அவரே சொன்னார்: "என் மேலயும் தப்பு இருக்கு மேடம். நீங்க சொன்ன எக்சர்சைஸை நான் ஒழுங்கா பண்றதில்ல."

இந்தப் பெண்ணுக்கு நான் எந்த எபிசோடைப் பரிந்துரைப்பது?

படித்தவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. உடம்பும் மனசும் அவரவர் கையில் இருக்கின்றன. அதற்கான அறிவியல் இலவசமாகக் காதுக்கே வந்து சேர்கிறது. கேட்டு நடந்தால் நன்றாக இருக்கலாம். ஒருவர் நன்றாக இல்லை என்றால் அவர் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நடக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹூபர்மேன் 2021-இல் தொடங்கியது, டாக்டர் பீட்டர் அட்டியா 2018 முதல் நடத்துவது என்று பெரிய பாட்காஸ்ட்கள் இருக்கின்றன. அவர்கள் இரண்டு மணி நேரம் பேசியதைப் பத்து நிமிடத்தில் தமிழில் பிழிந்து தரும் சேனல்களும் இருக்கின்றன. அதிகாலையில் எழு, எழுந்ததும் வெளிச்சத்தில் நில், குளிர்ந்த நீரில் இறங்கு, தூக்கத்தை அளந்து பார், மனதை உரமாக்கு. நண்பருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் ஒரு லிங்க் அனுப்புகிறோம். தங்கைக்கு ஆபீசில் நெருக்கடி என்றால் இன்னொரு லிங்க். "என்னாச்சு?" என்று விசாரித்துக்கொண்டிருந்த இடத்தில் "இதைக் கேட்டுப் பாருங்க" வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த நம்பிக்கை தவறு. அந்த நிகழ்ச்சிகளில் பேசப்படும் அறிவியலே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பகுதி சரிதான். வயதாக ஆகத் தசையை விட்டுவிடக்கூடாது என்பதை என் நோயாளிகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நானே அங்கிருந்து கற்றிருக்கிறேன். ஒரு எபிசோடைக் கேட்டுவிட்டு சாப்பிட்டதும் நடக்க ஆரம்பித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த ஆட்டோ ஓட்டுநரை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவியல் பிறந்த இடத்தை மறந்துவிட்டு, மொத்தப் பொறுப்பையும் களைத்துப்போன ஆளின் தலையில் கொண்டுபோய் இறக்குகிறோம். என் சண்டை அதோடுதான்.

உடலசைவு இதயத்தைக் காக்கும் என்று இன்று சொல்லாத நிகழ்ச்சி இல்லை. அதை முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1953-இல் லான்செட் இதழில் அவருடைய ஆய்வு வந்தது. லண்டனின் மாடி பஸ்களில் ஓட்டுநர் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு கண்டக்டர்களைவிட ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. வேலையில் சேர்ந்த காலத்திலேயே ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்தது என்பதையும் மோரிஸே பிறகு கண்டுபிடித்து எழுதினார். தன் முடிவுக்கு இடைஞ்சலான தகவலைத் தானே தேடி எடுத்து வெளியிட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். தபால் துறையில், நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்களை மேசையில் உட்கார்ந்த எழுத்தர்களோடு ஒப்பிட்டபோதும் இதே போக்குதான் தெரிந்தது.

அந்தக் கண்டக்டரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். யாரும் அவரை உற்சாகப்படுத்தவில்லை. படி ஏறினால் இதயத்துக்கு நல்லது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. டிக்கெட் கொடுக்க ஏறினார், அவ்வளவுதான். அவர் இதயத்தைக் காத்தது அவருடைய வேலை அமைந்த விதம். அதே பஸ்ஸின் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் இதயத்தைக் கெடுத்ததும் வேலை அமைந்த விதம்தான். வேலையைப் பற்றி எழுபது வருடத்துக்கு முன்பு தெரிந்துகொண்ட ஒரு உண்மையை எடுத்து, ஆளின் ஒழுக்கத்தைப் பற்றிய உபதேசமாக்கி வைத்திருக்கிறோம்.

உபதேசம் ஆனதும் அது இடம் பொருள் பார்ப்பதில்லை. உட்காருவது சிகரெட்டைப் போலக் கெடுதல் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. நின்றுகொண்டே வேலை செய்ய உயரமான மேசை வாங்கச் சொல்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கு அது சரியான யோசனையாக இருக்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இதயநோய் வந்தது. இதில் புரியாத மர்மம் எதுவும் இல்லை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நடந்தால் அந்த பம்ப் ஓடும். நின்ற இடத்திலேயே நின்றால் ரத்தம் கீழே தேங்கும், நாளங்களில் அழுத்தம் ஏறும், நீர் கசிந்து கால் வீங்கும். பட்டுச் சேலை கவுண்டருக்குப் பின்னால் பதினொரு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு மருந்து என்று நான் ஒன்றை எழுதித் தரலாம் என்றால் அது ஒரு ஸ்டூல்.

அந்த மருந்துக்குச் சட்டமே இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு அவசரத்துக்குப் போகக்கூட இடமில்லை. விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைச் சேர்த்துக்கொண்டு 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அடுத்து இருக்கை கேட்டார்கள். வருடக்கணக்கில் கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளும்படி ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை ஏற்பாடு செய்ய வேண்டும்.

என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் அதை அனுப்பவில்லை. கேட்பது என்று நாம் சொல்லும்போது காது கொடுப்பதும் அதுதான், வாய் திறந்து உரிமை கோருவதும் அதுதான். கோழிக்கோட்டுப் பெண்கள் வாய் திறந்து கேட்டார்கள். எபிசோட் பட்டியல் போடுகிறவர்கள் காதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மேலாளர் சொன்ன அந்தத் 'தாக்குப்பிடிக்கிற மனசு' பற்றி நான் விரிவாகப் பேச வேண்டும். ரெசிலியன்ஸ், மீள்திறன், மனவுறுதி என்று எப்படிச் சொன்னாலும், அதை ஒரு தசைபோலவே இந்த நிகழ்ச்சிகள் பேசுகின்றன. தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்தால் உள்ளே வளருமாம். ஐஸ் தண்ணீரில் மூன்று நிமிடம் உட்கார்ந்தால் வாழ்க்கையின் அடிகளைத் தாங்கப் பழகிவிடுவோமாம்.

இந்தச் சொல்லுக்கு ஆராய்ச்சியில் ஒரு பிறந்த வீடு உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, மனநோய், ஓயாத சண்டை என்று எல்லாம் சேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளாகி நின்றார்கள். ஊக்கப் பேச்சுகளில் இதோடு கதை முடிந்துவிடும்: பார், அவர்களால் முடிந்தது, உன்னால் முடியாதா? அவர்களால் எப்படி முடிந்தது என்று வெர்னர் எழுதியதைப் படித்தால் வேறு கதை தெரியும். பிள்ளையின் சுபாவத்துக்கு அதில் பங்கு உண்டு, அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆளாவது இருந்தது. பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. பதின்வயதில் தடுமாறிப்போன மற்ற பிள்ளைகளிலும் பலர் பின்னாளில் தேறினார்கள். அவர்களைத் தேற்றியவை திரும்பப் படிக்கக் கிடைத்த ஒரு கல்லூரி, நிலையான ஒரு வேலை, அன்பான துணை, தங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு சபை. தாக்குப்பிடித்தவர்களுக்குப் பின்னால் எப்போதும் யாரோ முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரே மாதத்தில் பக்கவாதம் வந்த இருவர் என்னிடம் வந்தார்கள். இருவருக்கும் வலது பக்கம்தான், பாதிப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒருவரை மனைவியும் மச்சினனும் முறை வைத்துக்கொண்டு தினமும் கூட்டிவந்தார்கள். கை விரலை விரிக்கும் பயிற்சியை இரவு டி.வி. பார்க்கும்போதும் மச்சினன் செய்துவிடுவார். நான்கு மாதத்தில் அவர் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். இன்னொருவர் என்ன சொன்னாலும் செய்யக்கூடியவர், என் கிளினிக்கில் அவரைப் போல முயற்சி எடுத்தவர்கள் குறைவு. தனியாக இருந்தார். ஆட்டோவுக்குப் போகவர முந்நூறு ரூபாய். முதலில் தினமும் வந்தார், பிறகு வாரம் இரண்டு நாள், பிறகு வரவில்லை. அவருடைய மனவுறுதியில் குறை கண்டுபிடிக்க என்னால் முடியாது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் அதில் இருந்தது. அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது அவர் முகம்தான்.

அடுத்து, வேலைத்திறன். விளையாட்டு வீரர்களைத்தான் இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். நான் வீரர்களுக்கும் சிகிச்சை செய்திருக்கிறேன். பயிற்சியில் தசை களைக்கும், அந்தக் களைப்பு ஆறும்போதுதான் வலுப்பெறும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கு எவ்வளவு ஓடுவது என்று கணக்குப் போடும் பயிற்சியாளர், எவ்வளவு ஓய்வு என்றும் கணக்குப் போடுவார். சாப்பாட்டுக்கு ஓர் ஆள், காலைப் பிடித்துவிட ஓர் ஆள். அந்தப் பெண்ணின் விடாமுயற்சியை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து, ஓய்வே இல்லாதவர்களுக்குப் பாடமாகக் கொடுப்பது நியாயமா?

எல் சல்வடோரின் கரும்பு வயல்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் போதாமல் உடலை முறிக்கும் வேலை செய்தது முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு வயலில் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு மூன்றையும் கொண்டுவந்து பார்த்தார்கள். வயலுக்குள்ளேயே நகர்த்தக்கூடிய நிழல் கூடாரம், முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை, நேரம் வைத்து இடைவேளை. வெட்டுக் கத்தியையும் வெட்டும் முறையையும் மாற்றினார்கள். ஓய்வு கொடுத்தால் வேலை கெடும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு ஆள் நாளுக்குச் சராசரியாக வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக ஏறியது. சிறிய குழு, ஒரே பருவம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மனிதச் செயல்திறன் என்று ஓர் எபிசோட் செய்தே ஆக வேண்டும் என்றால் நான் அந்தத் தண்ணீர்ப் பையைப் பற்றித்தான் செய்வேன்.

நம் ஊரிலும் இதற்கு இடம் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலைக்குப் போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு வெகுநேரம் முன்பே பாத்தியில் இறங்குகிறார்கள். அதிகாலையில் எழுவது வெற்றியின் ரகசியம் என்றால் அவர்கள் எப்போதோ வெற்றி பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் கடும் வெப்ப அழுத்தமும் சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவும் இருப்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வேலை நேரத்தைப் பற்றிப் பேசாமல் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னார். அதைச் சொன்னதும் ஒரு பாட்காஸ்ட்டில்தான். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் வரை போனார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுதல். இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடு கூடுதல். 2016-இல் மட்டும் இப்படி இறந்தவர்கள் 7,45,000 பேர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சேலைப் பிரிவுப் பெண் சாப்பாட்டு நேரம் போக வாரத்துக்கு 66 மணி நேரம் வேலை செய்கிறார். தீபாவளி மாதத்தில் 72. சொல்லப்பட்ட 70-ஐ அந்த மாதத்தில் அவர் தாண்டியே விடுகிறார், இந்த உழைப்பின் பலன் அவர் கணுக்காலில் குழியாக இருக்கிறது.

நேரம் எவ்வளவு என்பதைப் போலவே, அந்த நேரத்தின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதும் உடம்பைப் பாதிக்கிறது. லண்டன் அரசு அலுவலகங்களில் 1967-இல் தொடங்கி 17,000-க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களை ஆராய்ந்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர். எல்லோருக்கும் ஒரே நாட்டின் இலவச மருத்துவம், யாரும் பட்டினி இல்லை. ஆனால் அடிமட்டப் பதவியில் இருந்தவர்கள் மேல்மட்ட அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல் இதயநோயால் இறந்தார்கள். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தும் இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. மைக்கேல் மார்மட் குழுவினர் 1985-இல் தொடங்கிய அடுத்த சுற்றில் தெளிவானது: தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம். பாத்ரூம் போகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருப்பது மானக்கேடு மட்டும் இல்லை, அது மருத்துவ விஷயமும்கூட.

பணத்தால் முடியாதது எது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. வயதாவதைத் தடுக்க வருடத்துக்கு இருபது லட்சம் டாலர் செலவு செய்வதாகச் சொல்லும் பிரையன் ஜான்சன், நிகில் காமத்தின் பாட்காஸ்ட்டுக்காக இந்தியா வந்தார். காற்று மோசமாக இருந்ததால் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு எழுந்தார். அந்த அறைக்குள் பிஎம் 2.5 என்ற நுண்துகள் கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம் இருந்தது என்று பிறகு அவரே எழுதினார். ஒரு நாள் சராசரி 15-க்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கூடவே கொண்டுவந்திருந்த காற்றுச் சுத்திகரிப்பான் அவருக்கு உதவவில்லை. அவரால் எழுந்து போக முடிந்தது. அதே ஊர் சிக்னலில் நிற்கிற போக்குவரத்துக் காவலர் எங்கே எழுந்து போவார்?

நான் எதிர்கொள்ள வேண்டிய வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது. என் தம்பியே கேட்டான்: "சட்டமும் முதலாளியும் மாறுறதுக்கு வருஷக்கணக்காகும்க்கா. அதுவரைக்கும் அந்தம்மா சும்மா இருக்கணுமா? அவங்க கையில இருக்கிறதையாவது செய்யட்டுமே." செய்யட்டும். நான் சொல்லிக் கொடுக்காமல் அனுப்பவில்லை. உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொன்னேன், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி கொடுத்தேன், இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தேன், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன். பயனுள்ள யோசனைகள்தான்.

ஆனால் அவர் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, சமைத்து, பாத்திரம் கழுவி, பதினொன்றரைக்குப் படுக்கிறார். அந்தப் பயிற்சியைச் செய்ய அவருக்கு மிஞ்சியது தூக்கத்தில் இருந்து பிடுங்கும் பத்து நிமிடம். அதைச் செய்யத் தவறினால் "என் மேலயும் தப்பு இருக்கு மேடம்" என்கிறார். தம்பி, நான் பயப்படுவது இந்த வாக்கியத்துக்குத்தான். வலியோடு வந்தவர் குற்றவுணர்ச்சியோடும் போகிறார். வசதியானவர்களுக்கும் இது நடக்கிறது. தூக்கத்தை அளக்கும் கருவி காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெட்டுப்போகிறவர்களைப் பற்றி 2017-இல் மருத்துவர்கள் எழுதி, அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள்.

சட்டம் மாற வருடக்கணக்காகும் என்பதும் எப்போதும் உண்மை இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பத்து எபிசோட் கேட்டு முடிக்கிற அவகாசத்தில் அது நடந்தது.

மேலாளருக்கு நான் பட்டியல் அனுப்பவில்லை. ஒரு கடிதம் அனுப்பினேன். மாடிக்கு எத்தனை ஸ்டூல், எந்த உயரம், கவுண்டருக்குப் பின்னால் எங்கே போடலாம் என்று படம் வரைந்து எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம், மாற்று ஆள் வைத்து. மாடிக்கு ஒரு தண்ணீர்க் கேன். பாத்ரூம் போக யாரையும் கேட்க வேண்டாம் என்று எழுத்தில் ஒரு அறிவிப்பு. கூடவே 2021 சட்டத் திருத்தத்தின் நகல். வாட்ஸ்அப் குரூப்பில் எதையாவது போட வேண்டும் என்றால் அந்த நகலைப் போடுங்கள் என்று கடைசி வரியில் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "நீங்க சொல்றது புரியுது மேடம். மேல பேசிட்டுச் சொல்றேன்."

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் அடுத்த சிகிச்சைக்கு வந்தார். காலை மேசைமேல் நீட்டிக்கொண்டார். நான் கட்டைவிரலை வைப்பதற்கு முன்பே அவராகச் சொன்னார்: "ஸ்டூல் வந்துருக்கு மேடம். எங்க மாடிக்கு ரெண்டு."

"எத்தனை பேரு நீங்க?"

"பதினாலு."

"யாரு உட்கார்றா?"

"இன்னும் யாரும் உட்காரல. முதல்ல யாரு உட்கார்றதுன்னு பேசிக்கிட்டிருக்கோம்."